உயரத் தூக்கிய கால்

காலை எழுதச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் கையை எழுதிவிடுகிறார்கள். சுங்கை பட்டாணியில் ஒரு காப்பிக்கடையின் மேல்மாடியில் நடக்கும் டியூஷன் வகுப்பில், 'ஜீ காவ் ச்சீ யாங்' என்று வாத்தியார் சொல்வதெழுதுதல் கொடுக்கும் போதெல்லாம் இந்த விபத்து தப்பாமல் நடக்கும். அந்தத் தொடரின் முதல் எழுத்துக்குக் கால்விரல், பாதம் என்று பொருள். அதே 'ஜீ' ஒலியில், அதே மூன்றாம் தொனியில், கைவிரலுக்கும் ஓர் எழுத்து இருக்கிறது. முன்னதன் இடப்பக்கத்தில் கால் நிற்கும், பின்னதன் இடப்பக்கத்தில் கை நிற்கும். கால் எழுத்துக்கு 11 கோடு, கை எழுத்துக்கு 9. சோம்பல்படும் பிள்ளை கோடு குறைந்ததைப் பிடித்துக்கொள்கிறது.

வாத்தியார் சிவப்பு மையைத் தொடமாட்டார். எழுதிய பிள்ளையை எழுப்பி, எழுதியபடியே நடந்து காட்டச் சொல்வார். ஒரு பையன் சுட்டுவிரலை உயர்த்திக்கொண்டு மேசைகளைச் சுற்றி வருவான். சிரிப்பு அடங்குவதற்குள், கட்டம் போட்ட நோட்டில் அந்த எழுத்து சரியாக விழுந்திருக்கும்.

சீனத்தில் இப்படிப்பட்ட தொடர்களுக்குச் 'செங்யூ' என்று பெயர். பெரும்பாலும் நான்கே எழுத்து. நிறையத் தொடர்களுக்குப் பின்னால் ஒரு பழங்கதை நிற்கும். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் மரபுத்தொடரையும் இணைமொழியையும் இரட்டைக்கிளவியையும் நெட்டுருப் போடும் வயதில் சீனப்பள்ளிப் பிள்ளைகள் இவற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள். 'ஜீ காவ் ச்சீ யாங்' என்றால் பாதம் உயர, மிடுக்கு ஓங்க நடப்பது. தோட்டத்துப் பாட்டிகள் இதையே 'தரையில கால் பாவாம நடக்கிறான்' என்பார்கள். இன்றைய பையன்களுக்கு அது 'ஓவர் ஆக்ஷன்'. பொருள் சொல்ல இவ்வளவுதான். ஆனால் பொருளை மட்டும் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் அதைத் தப்பான ஆள்மேல் எறிகிறார்கள் என்பது வாத்தியாரின் நீண்டநாள் புகார்.

அவர் தமிழர். பீடோங் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். விடியுமுன் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டு, தலையில் விளக்கு, மத்தியானம் பால் நிறுக்கும் இடத்தில் வரிசை, பிறகு ஒட்டுப்பால் மூட்டை என்று ஓடிய வீடு. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பிள்ளை சீனப்பள்ளிக்குப் போனதற்குக் காரணம் ஒரு 555 நோட்டு.

மலேசியாவில் அந்த நோட்டைத் தெரியாதவர்கள் குறைவு. உள்ளங்கை அகலம், அட்டையில் 555 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும், சட்டைப்பையில் அடங்கும். தோட்டத்துக்கு வெளியே இருந்த சீனர் மளிகைக்கடையில் சம்பளத் தேதி வரை எல்லாம் கடன். அரிசி, மண்ணெண்ணெய், கருவாடு, பால்டின் எல்லாம் அந்த நோட்டில் ஏறும், சீன எழுத்தில். கடை முதலாளியான தவுக்கே நல்ல மனிதர் என்றுதான் லயத்தில் பெயர். இருந்தாலும் தனக்குப் புரியாத எழுத்தில் தன் கடன் வளர்வது அப்பாவுக்கு உறுத்தியது. மூத்த பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குப் போனார்கள். கடைசிப் பிள்ளையைப் பார்த்து, "ஒருத்தனாவது இத படிச்சிச் சொல்லணும்டா" என்றார். சிபாரிசுக்குப் பள்ளிக்கூடம் வரை வந்தவர் அதே தவுக்கேதான்.

இரண்டு மூன்று வருடத்தில் பையன் நோட்டைப் படிக்கத் தொடங்கினான். கணக்கில் ஒரு காசு பிசகில்லை. ஒரே ஒரு வருத்தம்தான்: தவுக்கே அப்பாவின் பெயரை எழுதாமல் 'மூன்றாம் லயத்துக் கறுப்பு மீசை' என்று குறித்துவைத்திருந்தார். பையன் அதை உரக்கப் படித்தபோது கடையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார், மீசையைத் தடவிக்கொண்டே. மறுமாதத்திலிருந்து நோட்டில் பெயர் ஏறியது.

பள்ளியில் வேறொரு சங்கடம் காத்திருந்தது. கெடாவின் கடைத்தெருக்களில் புழங்கும் சீனம் ஹொக்கியன், தியோச்சு வகை. தோட்டத்து ஆட்களில் பலருக்குப் பேரம் பேசவும் வையவும் போதுமான ஹொக்கியன் வாயில் இருந்தது. பள்ளியில் நடப்பதோ மாண்டரின். கடையில் கற்ற சொல் வகுப்பில் செல்லாது. வகுப்பில் கற்றதைக் கடையில் சொன்னால் தவுக்கே புருவத்தைத் தூக்குவார். சீன வீட்டுப் பிள்ளைகளில் பலருக்கும் அன்று இதே பாடுதான். வீட்டில் ஹொக்கியன், பள்ளியில் மாண்டரின் என்று அவர்களும் இரண்டு படகில் கால் வைத்தவர்கள். அதனால்தான் ஒரு தோட்டத்துப் பையனால் அவர்களோடு ஈடுகொடுத்து ஓட முடிந்தது என்று வாத்தியார் இன்றும் சொல்வார்.

இப்போது காலம் மாறிவிட்டது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல துண்டாடப்பட்டன, லயங்கள் காலியாகி ஜனங்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். சுங்கை பட்டாணி, லூனாஸ், பாடாங் செராய், கூலிம் எங்கும் பிள்ளையைச் சீனப்பள்ளியில் சேர்க்கும் தமிழ்க் குடும்பங்களைப் பார்க்கலாம். பிள்ளை படிக்கும், பெற்றோருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து, "சார், இது என்னா சார்?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். வாத்தியாரின் தொழில் அந்த இடைவெளியில் நடக்கிறது.

செங்யூ பாடத்துக்கு அவர் வைத்திருக்கும் முறை எளியது. முதலில் எழுத்தைப் பிரிப்பார். பாதம் என்ற எழுத்தின் இடப்பக்கம் கால். வலப்பக்கத்தில் நிற்கும் 'ஜீ' இன்று 'நில்' என்ற பொருளில் வழங்கினாலும், ஆதியில் அதுவே விரல்களோடு கூடிய ஒரு பாதத்தின் படம்தான். அந்தப் பழைய உருவத்தைப் பலகையில் வரைந்து காட்டுவார். கோழிக்கால் மாதிரி இருக்கிறதே என்று பிள்ளைகள் சொல்வார்கள். பிறகு கதை. கதையை மட்டும் அவர் சுருக்குவதே இல்லை. பயிற்சிப் புத்தகங்கள் நாலு வரியில் முடிப்பதை அவர் ஒரு முழு வகுப்புக்கு இழுப்பார்.

கதையைச் சொல்லும் நூல் 'ஸுவோ ஜுவான்'. சீனத்தின் மிகப் பழைய வரலாற்று நூல்களில் ஒன்று. ஆண்டு கி.மு. 699. யாங்ஸி ஆற்றின் நடுப்பகுதியில் வளர்ந்துகொண்டிருந்த சூ நாட்டை வூ மன்னர் ஆள்கிறார். அவருடைய படை, 'மோ ஆவ்' என்ற உயர்பதவியில் இருந்த ச்சியூ ஷியாவின் கையில். லுவோ என்ற சிறு நாட்டின்மேல் ச்சியூ ஷியா படையெடுத்துக் கிளம்புகிறார். தோவ் போபி என்ற பெரியவர் வழியனுப்பிவிட்டுத் திரும்புகிறார். திரும்பும் வழியில் தன் தேரோட்டியிடம், இந்த ஆள் தோற்றுத்தான் வருவார் என்கிறார். ஆள் பலம் போதாது, தீனி போதாது என்றெல்லாம் அவர் காரணம் சொல்லவில்லை. பாதத்தை உயரத் தூக்கித் தூக்கி வைக்கிறார், மனசு ஒரு நிலையில் இல்லை, அவ்வளவுதான்.

பயிற்சிப் புத்தகம் இங்கே முற்றுப்புள்ளி வைத்து, 'கர்வம் கூடாது' என்று எழுதிவிடும். வாத்தியார் இங்கிருந்து இரண்டு வருடம் பின்னால் போவார்.

கி.மு. 701. யுன் நாட்டுப் படை பூசாவ் என்ற இடத்தில் பாளையம் இறங்கியிருக்கிறது. அதோடு சேர்ந்து சூ நாட்டை அடிக்க இன்னும் நான்கு நாடுகள் வரப்போகின்றன. அன்றைய ச்சியூ ஷியாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. கூட இருந்த தோவ் லியென் என்பவர்தான் வழி சொல்கிறார். யுன் ஆட்கள் சொந்த எல்லையில் இருக்கிறார்கள், துணைக்கு ஆள் வரும் என்ற தெம்பில் காவல் தளர்ந்திருக்கும். நீங்கள் மற்ற நான்கு பேரைத் தடுக்கிற இடத்தில் நில்லுங்கள், நான் ராத்திரியில் போய் யுன் பாளையத்தை அடிக்கிறேன் என்கிறார். மன்னரிடம் இன்னும் படை கேட்கலாமே என்று ச்சியூ ஷியா இழுக்கிறார். ஒற்றுமைதான் ஜெயிக்கும், கூட்டம் ஜெயிக்காது என்கிறார் தோவ் லியென். சரி, குறியாவது பார்க்கலாமா? சந்தேகம் இருந்தால் பார்க்கலாம், இங்கே என்ன சந்தேகம் என்று அதற்கும் பதில் வருகிறது. அவர் சொன்னபடியே அடித்தார்கள், ஜெயித்தார்கள்.

அடுத்த வருடம் ஜியாவ் நாட்டுக் கோட்டை. அங்கே யோசனை ச்சியூ ஷியாவுடையதே. விறகு பொறுக்கும் ஆட்களைக் காவல் இல்லாமல் வெளியே விட்டார். கோட்டைக்குள்ளிருந்து வந்தவர்கள் முதல் நாள் 30 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் ருசி கண்டு கூட்டமாகப் பாய்ந்து வந்தார்கள். மலையடிவாரத்தில் பதுங்கியிருந்த சூ படை அவர்களை நொறுக்கியது. ஆகவே மனிதர் வெறும் ஆளில்லை. சமர்த்தும் இருந்தது, இரண்டு வெற்றியும் இருந்தது. முதல் வெற்றி இன்னொருவர் பேச்சைக் கேட்டதால் வந்தது என்பது மட்டும் மறந்துபோயிற்று.

இப்போது கி.மு. 699-க்குத் திரும்பலாம். தோவ் போபி நேரே மன்னரிடம் போய், கூடுதல் படை அனுப்புங்கள் என்கிறார். மன்னருக்கு அது புரியவில்லை, மறுத்துவிடுகிறார். உள்ளே போய் மனைவி தெங் மானிடம் சொல்கிறார். விஷயம் அந்த அம்மாவுக்குத்தான் உடனே பிடிபடுகிறது. தோவ் போபி கேட்டது ஆள் எண்ணிக்கை இல்லை. பூசாவில் ஜெயித்த பழக்கத்தில் மோ ஆவ் தன் இஷ்டத்துக்கு நடப்பார், லுவோவை இளப்பமாக நினைப்பார், நீங்கள் பிடித்து நிறுத்தாவிட்டால் காவல்கூட வைக்கமாட்டார் என்று விளக்குகிறார். மன்னர் பதறி ஆள் அனுப்புகிறார். போன ஆளால் படையை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

அதற்குள் ச்சியூ ஷியா ஓர் உத்தரவு போட்டிருந்தார்: யோசனை சொல்ல வருகிறவனுக்குத் தண்டனை.

இந்த இடத்தில் வாத்தியார் நிறுத்தி, பலகையில் அந்த உத்தரவை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதுவார். மிச்சக் கதை வேகமாக ஓடும். யென் ஆற்றைக் கடக்கும்போதே படை ஒழுங்கு குலைந்தது. அக்கரையிலும் அணிவகுப்பு இல்லை, காவல் இல்லை. லுவோ படை ஒரு பக்கமும் லூ ரோங் என்ற கூட்டத்தார் மறுபக்கமும் சேர்ந்து அடித்ததில் சூ படை சிதறியது. ச்சியூ ஷியா தூக்கு மாட்டிக்கொண்டார். தப்பி வந்த தளபதிகள் தண்டனைக்காகக் காத்துக் கிடந்தார்கள். மன்னர், குற்றம் தன்னுடையது என்று சொல்லி எல்லோரையும் மன்னித்தார்.

தலைநகரில் தெரிந்தது கால். ஆளைக் கொன்றது அந்த உத்தரவு. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வாத்தியார் அதிகம் மெனக்கெடுவதில்லை. குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தை எடுக்கச் சொல்வார். இடித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசனைக் கெடுக்கத் தனியாக ஒரு பகைவன் வேண்டாம் என்ற கருத்து அங்கே இருக்கிறது. சீனத்துப் படைத்தலைவர் ஆள் இல்லாதவர்கூட அல்ல. இருந்தவர்களின் வாயைக் கட்டியவர்.

இத்தனையும் சொல்லி முடித்த ஒரு சனிக்கிழமை மாலையில்தான், பாடாங் செராய் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்பிள்ளை கையைத் தூக்கினாள். "சார், எங்க தாத்தா தோட்டத்துல சைக்கிள்ல போனாராம். எதிர்ல துரை வந்தா எறங்கி நிக்கணுமாம். தாத்தா எறங்கலையாம். 'திமிர் புடிச்சவன்'னு மண்டோர் அடிச்சிட்டாராம். அப்ப எங்க தாத்தாவும் ஜீ காவ் ச்சீ யாங் தானா சார்?"

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. அன்று மிச்சப் பாடம் நடக்கவில்லை.

அந்தப் பிள்ளையின் தாத்தாவுக்கு நடந்தது ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட முடியாது. 1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குச் சரியான படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது என்ற கோரிக்கைகளோடு, வெள்ளைத் துரைமார் முன்னாலும் உத்தியோகஸ்தர் முன்னாலும் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை என்பதும் எழுதப்பட்டிருந்தது. கூலிக்குச் சமமாக வரிசையில் நின்றது, சைக்கிள் மிதியில் இருக்கும் ஒரு காலின் உரிமை. அந்தப் போராட்டத்தைத் துப்பாக்கியால் அடக்கினார்கள், உயிர்கள் போயின.

கெடாவுக்கும் தன் பங்கு உண்டு. ஜப்பானியர் போன பிறகு, பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமியின் தலைமையில் 'தொண்டர் படை' எழுந்தது. கள்ளை ஒழிப்பதுதான் அதன் முதல் வேலை. தோட்டத்து இளைஞர்கள் வரிசை கட்டி, பட்டாளத்துப் பயிற்சி முறையில் கால் தூக்கி நடந்தார்கள். நேதாஜியின் படையில் பழகிய நடையை அவர்களில் பலர் மறந்திருக்கவில்லை. கூலி குனிந்து நடந்து பார்த்தே பழகிய நிர்வாகத்தின் கண்ணுக்கு அந்த நடையே முதல் குற்றமாகப் பட்டிருக்கும் என்பது வாத்தியாரின் ஊகம். 1947-இல் கள்ளுக்கடை எதிர்ப்பு பீடோங்கில் மோதலாக வெடித்து, போலீஸ், கைது, சிறை என்று போனது.

அந்தப் பிள்ளைக்கு வாத்தியார் சொன்ன பதிலைத்தான் பிறகு ஒவ்வோர் ஆண்டும் எல்லா வகுப்புக்கும் சொல்லி வருகிறார். ச்சியூ ஷியாவின் கையில் படை இருந்தது, தண்டிக்கும் அதிகாரம் இருந்தது, முந்தைய வெற்றியின் மப்பு இருந்தது. தாத்தாவிடம் இருந்தது ஒரு சைக்கிள். இந்தச் செங்யூ அதிகாரம் உள்ளவனைப் பார்த்து, அவனுக்கு வேண்டியவன் கவலையோடு சொன்னது. அதை எடுத்துக் கையில் ஒன்றும் இல்லாதவன்மேல் வீசினால், அது தோவ் போபியின் வாக்கு இல்லை, மண்டோரின் வாக்கு. தாத்தாவுக்கு வேறு தொடர் இருக்கிறது: 'ஆங் ஷோவ் திங் ஷியோங்', தலை நிமிர்ந்து நெஞ்சு நிமிர்த்தி நிற்பது. தமிழில் பீடு நடை என்றால் யாரும் அதைக் குறையாக எடுப்பதில்லை அல்லவா, அந்த வரிசையில் வைக்க வேண்டிய தொடர் அது.

அகராதி இவ்வளவு தூரம் வராது என்பது அவருக்கும் தெரியும். அகராதியில் இரண்டு தொடருக்கும் எதிரே ஒரு வரி விளக்கம், பக்கத்தில் 'இகழ்ச்சி', 'புகழ்ச்சி' என்ற குறிப்பு. பரீட்சைக்கு அது போதும்.

துரையின் பலத்தில் அதட்டும் மண்டோருக்கும் கிராணிக்கும் பொருத்தமாகச் சீனத்தில் தனியாகவே சரக்கு இருக்கிறது. புலியைப் பின்னால் நடக்கவிட்டுக் காட்டையே மிரட்டிய நரியின் தொடர் பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். அதைவிட அவர்களுக்குப் பிடித்தது ஒரு தேரோட்டியின் கதை. சீமா சியென் எழுதிய 'ஷீ ஜி' வரலாற்றில் வருவது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ச்சீ நாட்டின் பேரமைச்சர் யென் யிங் குள்ளமானவர், பணிவானவர். அவருடைய தேரை ஓட்டியவனோ ஆஜானுபாகு. பெரிய குடையின் கீழே உட்கார்ந்து நாலு குதிரையைச் சாட்டையால் விரட்டிக்கொண்டு, தானே அமைச்சர் என்ற தோரணையில் போவான். அவன் மனைவி கதவிடுக்கு வழியே இதைப் பார்த்துவிட்டு, அன்று மாலையே உறவைத் தீர்த்துவிடச் சொன்னாள். அந்தக் குள்ள மனிதர் நாடே அறிந்தவர், ஆனாலும் அடங்கி உட்கார்ந்திருக்கிறார். எட்டு அடி ஆம்பளை நீ, வண்டி ஓட்டுகிறாய், அதிலேயே பூரித்துப் போய்விட்டாய் என்பது அவள் வழக்கு. ஆள் அதற்குப் பிறகு திருந்தினான், காரணம் கேட்டறிந்த யென் யிங் அவனை உத்தியோகத்துக்குச் சிபாரிசு செய்தார். குடை என்றதுமே வகுப்பின் பின்வரிசையிலிருந்து, "அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்தராத்திரியில குடை புடிப்பான், சார்!" என்று குரல் வரும். இதற்கு மேல் விளக்கம் தேவைப்பட்டதில்லை.

இன்னொரு வகைப் பெருமையும் வகுப்புக்கு வந்து சேர்கிறது. முன்பக்கம் 'கடாரம் கொண்டான்' என்று அச்சடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு வருவார்கள் பையன்கள். ராஜேந்திர சோழனின் கடற்படை 1025-இல் வந்து வென்ற கடாரம் என்பது இந்தக் கெடாதான், மெர்போக் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்த கோயில் அடித்தளங்களைப் பள்ளிச் சுற்றுலாவில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதற்கும் முன்னால், 7-ஆம் நூற்றாண்டில், இந்தியாவுக்குப் போன சீனத் துறவி இ சிங் இங்கே கப்பல் மாறிப் போனார் என்று வாத்தியார் சொன்னால், சட்டைக்காரர்கள் கொஞ்சம் அசடு வழிவார்கள். சட்டையைக் கழற்றச் சொல்வதில்லை அவர். பூசாவில் யோசனை சொன்னவர் யார், பிறகு கால் தூக்கியவர் யார் என்று மட்டும் கேட்பார். கடாரத்தைக் கொண்டவர் கப்பலேறிப் போய்விட்டார். இங்கே காடு வெட்டி, பாலெடுத்து, ரோடு போட்டவர்கள் அவர் பரம்பரை என்று சொல்லிக்கொள்ளாத ஆட்கள். அவர்களைப் பற்றி ஒரு சட்டை அடித்துக்கொண்டு வாங்கடா என்பார். யாரும் இதுவரை அடிக்கவில்லை.

பாடத்தின் கடைசிப் பகுதிதான் அவருக்கே பிடித்தது. இந்தத் தொடருக்கு இரண்டாவது ஓர் ஊற்று இருக்கிறது. பல ஆசிரியர்கள் அதைத் தொடுவதில்லை. ஸுவோ ஜுவான் கதையில் கால் மட்டும்தான் உயர்கிறது. காலோடு மனமும் சேர்ந்து ஓங்கி நிற்பது 'ஜான்குவோ ச்சே' என்ற, போரிடும் நாடுகளின் காலத்துக் கதைத் தொகுப்பில்.

ச்சீ நாட்டுப் பிரபு மெங்சாங் நாடு நாடாகப் போகும்போது சூ நாட்டில் அவருக்கு ஒரு தந்தக் கட்டில் பரிசாகக் கிடைக்கிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவன் தெங்து என்ற அதிகாரி. அவனுக்கு நடுக்கம். கட்டிலின் விலை ஆயிரம் பொன்; மயிரிழை கீறல் விழுந்தாலும் பெண்டாட்டி பிள்ளையை விற்றாலும் ஈடுகட்ட முடியாது. மெங்சாங்கிடம் இருந்த கோங்சுன் என்பவரைத் தேடி வந்து, இந்தக் கட்டில் வேலையிலிருந்து என்னைக் காப்பாற்றினால் எங்கள் முன்னோரின் வாளை உமக்குத் தருகிறேன் என்கிறான். கோங்சுன் உள்ளே போகிறார். சிறு நாடுகள் எல்லாம் உங்கள் நேர்மையை நம்பித்தான் வருகின்றன. இங்கே தந்தக் கட்டிலை வாங்கிக்கொண்டால் அடுத்த நாடு எதைக் கொடுத்து உங்களை வரவேற்கும் என்று எடுத்துச் சொல்கிறார். மெங்சாங் ஒத்துக்கொண்டு பரிசை வேண்டாம் என்கிறார். கோங்சுன் விறுவிறுவென்று வெளியே நடக்கிறார். நடுவாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிடுகிறார் மெங்சாங்: காலை ஏன் இவ்வளவு உயரத் தூக்குகிறீர், மனசு ஏன் இவ்வளவு ஓங்கி நிற்கிறது?

கோங்சுன் மறைக்கவில்லை. மூன்று சந்தோஷம், அதோடு ஒரு வாள் என்கிறார். வாசலில் நூற்றுக்கணக்கானோர் இருந்தும் யாரும் துணிந்து சொல்லாததை நான் சொன்னேன், அது ஒன்று. சொன்னதை நீங்கள் கேட்டீர்கள், அது இரண்டு. உங்கள் பிழையைத் தடுத்தேன், அது மூன்று. கட்டிலைச் சுமக்க விரும்பாதவன் எனக்கு வாள் தருவதாகச் சொன்னான். வாங்கிவிட்டீரா என்று கேட்கிறார் மெங்சாங். உத்தரவில்லாமல் வாங்குவேனா என்கிறார் இவர். சீக்கிரம் போய் வாங்கிக்கொள்ளும் என்று அனுப்பிவிட்டு, மெங்சாங் வாசல் பலகையில் ஓர் அறிவிப்பு எழுதி வைக்கிறார். தன் பிழையைத் தடுக்கிறவர், வெளியே தனக்கென்று பொருள் வாங்கிக்கொண்டவராக இருந்தாலும் பரவாயில்லை, தாமதிக்காமல் உள்ளே வந்து சொல்லட்டும்.

இங்கேயும் உயர்வது கால்தான். அங்கே உயர்ந்தது, யோசனை சொன்னால் தண்டனை என்றவரின் கால். இங்கே உயர்வது, யோசனை சொல்லிக் காரியத்தைச் சாதித்தவரின் கால். சீன மொழி கடைசியில் முதல் ஆளின் இளக்காரத்தைத்தான் தொடருக்குள் வைத்துக்கொண்டது. கோங்சுனின் துள்ளலுக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. வாத்தியாருக்கு அதில் ஒரு மனக்குறை.

பிள்ளைகளுக்கோ அந்த மனக்குறையில் அக்கறை இல்லை. வாள் என்ற சொல் காதில் விழுந்த நிமிடமே வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். "சார், அது காப்பிக் காசு தானே?" என்று ஒரு கட்சி. லஞ்சத்துக்கு மலேசியாவில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர் அது. "இல்ல சார், வேலை முடிஞ்ச பிறகு தானே குடுக்குறான், கமிஷன் சார்" என்று மறு கட்சி. "முதலாளிகிட்ட சொல்லிட்டாருல்ல, அப்புறம் எப்படி லஞ்சமாகும்?" என்று சட்டம் பேசுவாள் ஒருத்தி. "கட்டிலை அவரே தூக்கிட்டுப் போயிருந்தா என்னவாம்?" என்று கடைசி பெஞ்சில் ஒருவன் முணுமுணுப்பான். கீழே காப்பிக்கடையிலிருந்து, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று ஆள் வந்து சொல்லும் வரை இது நடக்கும். வாத்தியார் தீர்ப்புச் சொல்வதில்லை. கோங்சுன் வாளை வாங்கியது சரியா என்று 120 எழுத்தில், குறைந்தது மூன்று செங்யூ சேர்த்து, அடுத்த சனிக்கிழமைக்கு எழுதி வரச் சொல்லிவிட்டுப் பலகையை அழிப்பார். போன முறை வந்த கட்டுரைகளில் ஒன்று மெங்சாங்கையே வெளுத்து வாங்கியிருந்தது: அவ்வளவு பணிவானவர் என்றால் கட்டிலை முதலிலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று. எழுதியது சைக்கிள் தாத்தாவின் பேத்தி. பாதம் என்ற எழுத்தில் 11 கோடும் சரியாக இருந்தன. அதற்கு முழு மதிப்பெண் போட்ட வாத்தியார், 'கட்டில்' என்பதில் ஒரு கோடு விட்டதற்கு அரை மதிப்பெண் குறைத்தார். வாட்ஸ்அப்பில் அம்மாவிடமிருந்து அன்று ராத்திரியே கேள்வி வந்தது.